ராஜாராமைத் தூங்கவைக்க மூன்று போர்டுகள்

1

எனக்கு வந்த வேலை கதை எழுதுவது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. செங்கல்பட்டில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ஒருவர், பிள்ளைகள் பிரித்துப் பூட்டிப் பழக ஒரு பெட்டி தயார் செய்திருந்தார். உள்ளே இரண்டு போர்டு, இரண்டு ரேடியோ, கொஞ்சம் ஒயர். பெட்டியோடு போக ஒரு சின்னத் தமிழ்ப் புத்தகம் வேண்டுமாம். "ஒயரே இல்லாம ரெண்டு போர்டும் ஒண்ணோட ஒண்ணு பேசணும் சார். எப்படிப் பேச வைக்கிறதுன்னு படிப்படியா எழுதிக் குடுங்க" என்றார். நானும் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

படி ஒன்று: இரண்டு நுண்கட்டுப்படுத்திப் பலகைகளையும் சமதளமான ஒரு மேசையின்மீது வைத்து, அவற்றின்

(வாக்கியம் அங்கேயே படுத்துவிட்டது. நுண்கட்டுப்படுத்திப் பலகை என்று எழுதினால் எந்தப் பிள்ளை அதைத் தொடும்? எனக்கே கை கூசியது. இனிக் கடைசிவரை அது போர்டுதான்.)

படி ஒன்று: இரண்டு போர்டையும் மேசைமேல் வை. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நட. எவ்வளவு தூரம்வரை பேச்சு கேட்கிறது என்று

இந்த இடத்தில்தான் அவள் வந்தாள். போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற ஒரு பெண். மேசையை விட்டாள், அறையை விட்டாள், கிழக்குக் கடற்கரைச் சாலையையும் தாண்டிக் கடப்பாக்கத்துப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டாள். செய்முறைப் புத்தகத்தில் யாரும் இவ்வளவு தூரம் நடக்கக்கூடாது. கூப்பிட்டுப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. சரி, போகிற வரைக்கும் போகட்டும் என்று நானும் பின்னாலேயே போனேன். புத்தகம் போயே போச்சு. கடைக்காரரிடம் என்ன சொல்வது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

2

முதலில் அவளுக்கு ஹம்சினி என்று பேர் வைத்தேன். ஹம்சினி முழங்கால்வரை சேற்றோடு இறால் குட்டைக் கரையில் நின்றபோது பேர் வழுக்கி விழுந்துவிட்டது. மாற்றினேன். ஜெயப்பிரியா. செய்யூர்ப் பக்கத்து வேர்க்கடலைக் குடும்பம். எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் முடித்து ஒரு வருஷம். நடப்பது இரண்டாயிரத்து ஏழில்.

அவளுடைய அண்ணன் ராஜாராம், கடலை போட்டது போதும் என்று கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நிலம் குத்தகைக்குப் பிடித்து இறால் வளர்க்க வந்தவன். தோப்புக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் குட்டை. இறால் குட்டையில் ஏரியேட்டர் என்று ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீரை அடித்து அடித்துக் காற்றைக் கலக்கும். அது நின்றால் இறாலுக்கு மூச்சு நின்றுபோகும். கரண்டு போனால் ஜெனரேட்டரைக் கையால் சுற்றிக் கிளப்ப வேண்டும், அதுவும் உடனே.

போன வருஷம் ராஜாராம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. விடிந்து போய்ப் பார்த்தால் குட்டை முழுக்கச் செத்து மிதந்தது. அன்றைக்கே கட்டிலைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனவன்தான். சாப்பாடு கரையில், தூக்கம் கரையில். தூக்கம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கண்ணை மூடினால் மோட்டார் சத்தம் நின்ற மாதிரி இருக்கும், பதறி எழுந்து உட்காருவான். இதற்கு நடுவில் அவனுக்கும் அவன் மனைவி வேண்டாவுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பனைக் கண்டால் அது யாரோ எவரோ என்று வீறிட்டு அழும்.

ஜெயப்பிரியாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அண்ணன் வீட்டுக்குள் வந்து படுத்து, நிம்மதியாகத் தூங்க வேண்டும். கரண்டு போனால் குட்டைக் கரையில் இருக்கிற போர்டு வீட்டில் இருக்கிற போர்டிடம் சொல்லும், அது பஸ்ஸரை அலறவிட்டு அண்ணனை எழுப்பும். அவ்வளவுதான் திட்டம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

(செல்போன் இருக்கும்போது எதற்கு இந்தக் கூத்து என்று கேட்கிறவர்களுக்கு: அந்த வருஷம் அங்கே டவர் எடுப்பது கரையில் ஒரே ஒரு மூலையில்தான், அதுவும் கையைத் தூக்கிப் பிடித்தால். சைரன் வைக்கலாமே என்பவர்களுக்கு: ஒரு நாள் அந்தக் கடல்காற்றில் நின்று சத்தம் போட்டுப் பாருங்கள்.)

3

இரண்டாவது ஆள் வேண்டும். கிரிதர். அவளோடு படித்தவன், திருக்கழுக்குன்றம். அப்பா கோயில் அலுவலகத்தில் வேலை. இவன் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இவன்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். பெண்ணும் பையனும் தோப்புக்குள் போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் உங்கள் புத்தி எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? அவனை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். ஜெயப்பிரியா தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றாள், பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பச் சேர்த்துவிட்டேன். காதல் கிடையாது. அவனுக்கு ரேடியோ என்றால் பைத்தியம், அவ்வளவுதான். அந்தப் பைத்தியத்துக்கு வேறு பைத்தியத்துக்கெல்லாம் நேரம் இல்லை.

முதலில் இரண்டே இரண்டு போர்டு. மேசைமேல் வைத்தபோது இரண்டும் அழகாகப் பேசின. ஒன்று "இருக்கேன்" என்று அனுப்பும். மற்றதில் பச்சை விளக்கு மினுக்கும். அதைப் பார்க்கவே இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை விளக்கு மினுக்குவதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். நடுவில் ஒயர் இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனாலும் இங்கே சொன்னது அங்கே கேட்கிறது. எனக்கு இதை எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

ஒன்றைக் கரையில் வைத்துவிட்டு வந்தார்கள். வீட்டில் விளக்கு செத்தது. நடுவில் தோப்பு. மழையில் நனைந்த சவுக்கு இலை ரேடியோ அலையைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் நின்றது.

"ரெண்டு பேர் இருந்தா அதுக்குப் பேர் வலையே இல்ல ஜெயா, வெறும் நூலு" என்றான் கிரிதர். "நடுவுல ஒருத்தன் வேணும். இவன் சொல்றத வாங்கி அவன்கிட்ட சொல்றதுக்கு."

"நடுவுல ஒருத்தன் வெச்சா அவன் சரியா சொல்லுவானா?"

"மனுஷன்தான் மாத்திச் சொல்லுவான். போர்டு அப்படியே சொல்லும்."

மூன்றாவது போர்டு வந்தது. மற்ற இரண்டைப் போலவே பென்சில் பேட்டரியோடு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, தோப்பின் நடுவில் ஒரு சவுக்கு மரத்தில் கட்டினார்கள். ஜெயப்பிரியா வீட்டுக்கு ஓடினாள். ஓட்டமென்றால் அப்படி ஓட்டம், ஒரு செருப்பு தோப்பிலேயே நின்றுவிட்டது.

விளக்கு மினுக்கியது!

"அண்ணி! அண்ணி! பேசுது, இங்க வந்து பாரு!" என்று அவள் கத்தியதில் குழந்தை எழுந்து அழுதது. வேண்டா மாவுக் கையோடு ஓடி வந்தாள். விளக்கைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். "இதுக்கா இந்தக் கத்து கத்துன? நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றாள். ஆனால் அடுப்புக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கேயே நின்று, அது மினுக்க மினுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

* மூன்று போர்டு வரிசையாக நின்றால் அது மெஷ் என்கிற வலை இல்லை, சங்கிலி என்று சொல்ல வாயெடுக்கும் நண்பர்களுக்கு: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே ஓடியது மெஷ் புரோகிராம்தான். எந்த வழியாகப் போகலாம் என்று அவையே தேடிக்கொள்ளும். தேடுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது என்றால் அதற்கு அவை என்ன செய்யும்?

4

ராஜாராம் நம்பவில்லை. போர்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"இன்னா பாப்பா இது? சிம் கார்டு கூடக் காணோம். இத நம்பி என்ன வூட்ல வந்து படுக்கச் சொல்றியா?"

"நாலு நாளா வுடாம ஓடிகினு கீதுண்ணா. ஒரு வாட்டி கூட நிக்கல."

"ஆயுத பூஜ வருது. அதுல வெச்சிக் கும்புட்டு, விஜயதசமி அன்னிக்கு மாட்டு. அன்னிக்கி நானே பாக்குறேன். கண்ணு முன்னால சரியா ஓடிச்சின்னா கட்டிலத் தூக்கிகினு வூட்டுக்கு வரேன். இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்காத."

அவள் குதித்தாள். அண்ணன் சரி என்று சொல்ல ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

5

இப்போது எழுதப்போகிற பகுதியை மூன்று முறை எழுதிவிட்டேன். முதல் முறை வானம் இருண்டு

(வேண்டாம். வானத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.)

இரண்டாவது முறை கிரிதரின் புரோகிராமில் ஒரு பிழை வைத்தேன். அது எங்கேயும் நடக்கும், எந்த ஊரிலும் நடக்கும். நடந்தது அது இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆயுத பூஜையன்று மூன்று போர்டையும் கழற்றி, குட்டைக் கொட்டகையில் ஜெனரேட்டர், தராசு, சைக்கிள், வலை எல்லாவற்றோடும் சாமி படத்தின் முன்னால் வைத்தார்கள். அன்றைக்கு, கரண்டு போனால் ஜெனரேட்டரைத் தவிர, எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு, எல்லாவற்றுக்கும் புதிதாகப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுத்து ஓட்டலாம். அப்படியே மறுநாள் காலையில் ஜெனரேட்டருக்கு ராஜாராம் பட்டையாகச் சந்தனம் பூசினான். வேண்டா சந்தனக் கிண்ணத்தோடு போர்டுகளிடம் வந்து நின்றாள்.

"இதுக்கு நெத்தி எங்க கீது?"

"குடு அண்ணி, நானே வெக்கிறேன். இந்தக் காலுங்க மேல ஈரம் பட்டா அவ்ளோதான், பொசுங்கிடும்."

ஜெயப்பிரியா படித்தவள். எங்கே ஈரம் படக்கூடாது என்று தெரிந்தவள். போர்டு முழுக்க வரிசை வரிசையாகக் கம்பிக் கால்கள். தேடித் தேடிப் பார்த்து, கால்களே இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். மேல் விளிம்பில், சுற்றிலும் வெறுமையாக, அரிசி மாதிரி வெள்ளையாய் ஒரு சின்னச் சில்லு. பார்த்தால் நெற்றி மாதிரிதான் இருந்தது. விரலில் சந்தனத்தைக் குழைத்து எடுத்துப் பதவிசாக அங்கே வைத்தாள். நடுவில் குங்குமம். மூன்றுக்கும்.

(விஷயம் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

கற்பூரம் காட்டினார்கள். போர்டுகளை டப்பாவில் போட்டு மூடி, கரையில் ஒன்று, மரத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று மாட்டினார்கள். காலை பஸ்ஸில் கிரிதரும் வந்து சேர்ந்தான், பலகாரப் பொட்டலத்தோடு. ராஜாராம் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஜெயப்பிரியா சுவிட்சைப் போட்டாள்.

பச்சை வரவில்லை. கரையிலிருந்து சேதி வராவிட்டாலும் பஸ்ஸர் அலற வேண்டும் என்று அவள்தான் எழுதியிருந்தாள். அது அலறியது. அணைத்தாள், போட்டாள், மறுபடி அலறியது. குழந்தை அலறியது. ராஜாராம் காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றான்.

"பரவால்ல பாப்பா. நீயும் இன்னா பண்ணுவ" என்றான். அதற்கு அவன் திட்டியிருக்கலாம். அவள் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அவன் கரைப்பக்கம் நடந்தபோது ஜெயப்பிரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

6

கிரிதர் தோப்புக்கு ஓடினான். மரத்திலிருந்து டப்பாவை இறக்கித் திறந்தான். உள்ளே போர்டு சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. உங்களையும் என்னையும் போலத்தான் அவனும். கோயில் வீட்டுப் பிள்ளை வேறு. சட்டென்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பேட்டரியைத் திருகிப் பார்த்தான், அது சரியாக இருந்தது. மூடிப் பழையபடி கட்டிவிட்டான்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். பக்தியோடு முடிந்திருக்கும்.

"புரோகிராம்லதான் ஏதோ ஆயிருக்கு" என்று திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தான். "மரமா இருக்கும்" என்றான். "உப்புக் காத்தா இருக்கும்" என்றான். ஜெயப்பிரியா வீட்டுப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள்வரை ஓடியது. முந்தாநாளுக்கும் இன்றைக்கும் என்ன மாறியது? மரம் அதே மரம். காற்று அதே காற்று. பொட்டு மட்டும்தான் புதுசு. ஆனால் அதைத்தான் ஒரு காலும் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து வைத்தாளே.

ஏன் அங்கே ஒரு காலும் இல்லை?

போர்டை இவ்வளவு நெருக்கிக் கட்டியவன் அந்த ஓரத்தை மட்டும் ஏன் காலியாக விட்டிருக்கிறான்?

"கிரி!" என்று அவள் போட்ட கூச்சலில் லேப்டாப் அவன் மடியிலிருந்து சரிந்தது. "ஆன்டெனா மேல வெச்சிருக்கேன்டா! அந்த வெள்ளச் சில்லு! பக்கத்துல எதுவும் இருக்கக்கூடாதுன்னுதான் சுத்தி காலியா வுட்டு வெச்சிகிறான், நான் தேடிப் போயி அதும்மேலயே ஈரச் சந்தனத்த அப்பி வெச்சிகிறேன்! மூணு வாயையும் நானே மூடிட்டேன்!"

கிரிதர் வாயைப் பிளந்தான். பிறகு மெதுவாக, "நான் கண்ணுல ஒத்திக்கிட்டேன்" என்றான்.

துடைக்கத்தான் வேண்டும். துணியை எடுத்தவள் கை நின்றது. விஜயதசமியும் அதுவுமாகப் பொட்டை அழிப்பதா? வேண்டாவைப் பார்த்தாள். வேண்டா அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. போர்டிலிருந்து சந்தனத்தை ஒரே வழிப்பாக விரலில் வழித்து, நாத்தனாரின் நெற்றியில் வைத்தாள்.

"எங்க வெச்சா இன்னா? இங்க கீது இப்போ. போ, மத்ததையும் எடு."

தோப்புக்கு ஓடினார்கள். மரத்துப் போர்டின் பொட்டு கிரிதர் நெற்றிக்குப் போனது. கரைக்கு ஓடினார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்த ராஜாராம், என்ன ஏது என்று கேட்பதற்குள் கரைப் போர்டின் சந்தனம் அவன் நெற்றியில் இருந்தது. துணியால் அழுத்தித் துடைத்துக் காயவைத்தார்கள். தோப்புக்குள் ஓடி வந்த வேண்டாவின் குரல், கடல்காற்றையும் மீறிக்கொண்டு கேட்டது.

"மினுக்குது! அய்யோ, மினுக்குது!"

இதை நீங்கள் என்னோடு சேர்ந்து கொஞ்சம் கொண்டாட வேண்டும். ஜெயப்பிரியா கரையிலேயே ஆடினாள். கிரிதர் சேற்றில் சறுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சிரித்தான். ராஜாராம் தானே மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தான், வீட்டில் பஸ்ஸர் அலறியது. போட்டான், நின்றது. மறுபடி மறுபடி செய்தான். பிறகு குனிந்து கட்டிலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

7

இத்தோடு முடித்திருக்கலாம். நல்ல முடிவுதான். ஆனால் பஸ்ஸர் என்று ஒன்றைச் செய்துவிட்டு அது உண்மையில் அடிப்பதைக் காட்டாமல் போனால், நீங்கள் என்னை விட்டுவிட்டாலும் ஜெயப்பிரியா விடமாட்டாள்.

கிரிதர் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினான். ராஜாராம் வீட்டுக்குள் பாயில் படுத்தான். குழந்தை தள்ளி உட்கார்ந்து அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. நெற்றியில் பொட்டு புதுசாக இருந்ததால் யோசித்ததோ என்னவோ, அழவில்லை. அவன் அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு முடிவதற்குள் தூங்கிப்போனான். குறட்டை வந்தது. வேண்டா வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பற்றி எழுதினேன், அடித்துவிட்டேன். அது அவர்கள் வீட்டு விஷயம்.

மத்தியானம் மூடாக்குப் போட்டிருந்தது. வெயில் இல்லாத நாளில் குட்டைத் தண்ணீருக்கு மூச்சு இன்னும் குறைவு.

பஸ்ஸர் அடித்தது.

பரிசோதனை இல்லை. வீட்டிலும் மின்விசிறி நின்றிருந்தது. ஜெயப்பிரியா அண்ணன் தோளைத் தொடப் போனாள். இவனை எழுப்புவதற்காகத்தானே இத்தனை பாடும். அதற்குள் வேண்டா பாய்ந்து வந்து பஸ்ஸர் போர்டைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் முழங்கைவரை சொருகி மூடியைப் போட்டாள். சத்தம் அரிசிக்குள் முனகியது. ராஜாராம் புரண்டு படுத்தான். எழவில்லை.

"அண்ணி! இன்னா பண்ற நீ?"

"மெதுவா பேசு. மொத நாளே இது எழுப்பிச்சின்னா இனிமே ஜென்மத்துக்கும் இந்த வூட்ல படுக்க மாட்டாரு."

"எறா செத்துச்சின்னா மட்டும் படுப்பாரா?"

"அத நாம பாத்துக்கலாம். வா, ஓடு."

இரண்டு பேரும் தோப்புக்குள் ஓடினார்கள். ஏரியேட்டர் நின்று குட்டை சலனமில்லாமல் கிடந்தது. ஜெனரேட்டரின் ஹேண்டிலை வேண்டா பிடித்தாள். அவள் அதைத் தொடுவது இதுதான் முதல் தடவை. ஜெயப்பிரியா எதிர்ப்பக்கம் நின்று சேர்ந்து சுற்றினாள். ஜெனரேட்டர் ஒரு தரம் இருமியது. நின்றது. மறுபடி சுற்றினார்கள். கரும்புகை கொஞ்சம் வந்தது, நின்றது. ஓரத்தில் இறால்கள் மேலே வந்து தத்தத் தொடங்கின.

8

முடிவு ஒன்று: மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் கைகொள்ளாத சந்தோஷத்தோடு

முடிவு இரண்டு: பிடிக்கவே இல்லை. வேண்டா ஹேண்டிலை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்

முடிவு மூன்று: கரண்டு தானாகவே

(மூன்றாவதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.)

முதலாவதுதான் எனக்கும் ஆசை. எழுதப் பேனாவை எடுத்ததும் அந்த ஹேண்டில் கனக்கிறது. அது எவ்வளவு கனம் என்று அந்த இரண்டு பெண்களுக்குத் தெரியும், நான் ஒரே வரியில் சுற்றிவிட்டால் அவர்களுக்கு நான் என்ன மரியாதை செய்தேன்? அதனால் கரையில் அவர்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். இருமுகிறது. சுற்றுகிறார்கள்.

நான் வீட்டுப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தேன். டிரம்முக்குள் பஸ்ஸர் இன்னும் முனகிக்கொண்டிருக்கிறது. பாயில் ராஜாராம் வாயைத் திறந்துகொண்டு, கால்களை அகட்டிப்போட்டு, ஒரு வருஷத்துத் தூக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தூங்குகிறான். எழுதுகிறவன் நினைத்தால் ஒரு வார்த்தையில் இவனை எழுப்பிக் கரைக்கு அனுப்பலாம். நான் எழுப்பமாட்டேன். எழுப்பித்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போய் நீங்களே எழுப்புங்கள்.